எடேல்: தடை நீங்கிய மலை

இல்ஃபோர்ட்டிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, சென்ற் பாங்கிராஸ் நிலையத்தில் புகையிரதம் ஏறி, ஷெஃபீல்டில் மாறினால் நண்பகலுக்குள் எடேலை அடையலாம். டெர்பிசயர் மலைகளின் நடுவே, நோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் அது. ஒரு தேவாலயம், சில கல்வீடுகள், பழைய மதுச்சாலை ஒன்று. ஸ்கொட்லாந்து வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளும் பெனைன் நடைவழி அம்மதுச்சாலை அருகே தொடங்குகின்றது.

ஊருக்கு மேலே 636 மீற்றர் உயர்ந்து நிற்பது கிண்டர் ஸ்கௌட். இன்று எவரும் அதில் ஏறலாம். முன்னர் அது செல்வந்தரின் பறவை வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி, மன்செஸ்ரர் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு மேற்கே ஹேஃபீல்டிலிருந்து தடைமீறி ஏறினர். எடேலிலிருந்தும் ஒரு சிறு குழு ஏறிச் சென்று அவர்களைச் சந்தித்தது. ஐந்து இளைஞர்கள் சிறை சென்றனர். 1951இல் இப்பகுதி பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. எனினும், இங்கிலாந்தின் மலைவெளிகளில் நடக்கும் பொது உரிமை சட்டமானது 2000ஆம் ஆண்டிலேயே.

பாதை மேய்ச்சல் நிலங்களூடாகச் செல்கின்றது. ஆடுகள் வெளியேறாதவாறு, படலையைத் திறந்தவர் சாத்திவிட்டுச் செல்லவேண்டும். எம்முடன் வந்த பெரியவர் 1990இல் வலிகாமம் வடக்கில் தம் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வந்தவர். அவர் காணிக்கு இன்னும் வழி திறக்கவில்லை. ஒவ்வொரு படலையையும் அவரே சாத்தினார். கொளுவி விழுந்ததா என்று மறுமுறையும் பார்த்தார்.

பிள்ளைகளுடன் ஒருமுறை சென்று வாருங்கள். அந்தப் பாதை எவ்வாறு திறந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.