அமைதி காப்பதற்குப் பிணைமுறி

மேட்டூர் நீர் கடைமடைக்கு வந்து சேரும் நாட்களில் வாய்க்கால் தலைப்பில் வாய்ச்சண்டை எழுவது தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. அறுவடைக் கூலி பற்றிய பிணக்கும் அவ்வாறே. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டதற்கு முன்னே நின்றது ஒரு கூலித் தகராறு என்பதை இவ்வட்டாரத்தார் மறந்திலர். கலகம் மூளுமுன் தடுக்கும் பொருட்டே, குற்றம் எதுவும் நிகழாதபோதும் ஒருவரிடம் பிணைமுறி கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் நிர்வாக நடுவருக்கு அளித்துள்ளது.

ஊரார் இதனை இன்றும் 'நூற்றேழு கேஸ்' என்றே வழங்குகின்றனர். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் அது 107-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126-ஆம் பிரிவு. பெரும்பாலும் கோட்டாட்சியர் முன்னரே விசாரணை நடைபெறும்.

நோட்டீசைக் கண்டதும் நம் அங்கத்தினர் சிலர் தண்டனையே வந்துவிட்டதாக அஞ்சி, எதையும் படியாமல் கையொப்பமிட்டு விடுகின்றனர். அது தவறு. ஏன் பிணைமுறி எழுதித் தரலாகாது என்று காரணம் கேட்பதே அந்நோட்டீசு. கிடைத்த தகவலின் சாரம், தொகை, காலம், ஜாமீன்தார் எத்தனை பேர் என்பவை அதில் இருத்தல் வேண்டும். காலம் ஓராண்டுக்கு மேற்படலாகாது. கூலியாளிடம் அவன் நிலைக்கு மிஞ்சிய தொகை கேட்டலும் ஆகாது. 1970-இல் மது லிமாயே வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வதிகாரம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் விசாரணையைத் தொடங்காமலே இடைக்காலப் பிணைமுறி கேட்டல் முறையன்று என்றும் கூறிற்று. விசாரணை ஆறு மாதத்துள் முடிதல் வேண்டும். தனிக் காரணம் எழுதி நீட்டினாலன்றி அது தானே அற்றுப்போம்.

தமிழ்நாட்டில் போலீஸ் துணை ஆணையர்களுக்கும் இவ்வதிகாரம் சில ஆண்டுகள் தரப்பட்டிருந்தது. புகார் கொணர்பவரும் விசாரிப்பவரும் ஒரே இலாகாவினராயிருத்தல் எங்ஙனம் பொருந்தும்? 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணைகளை ரத்துச் செய்தது.

தகராறு வயலையோ மடைநீரையோ விளைந்த பயிரையோ பற்றியதாயின் 164-ஆம் பிரிவே உரியது. அதன்படி நடுவர் அனுபோகம் யாரிடம் என்பதை மட்டுமே காண்பார். உரிமையைத் தீர்மானிப்பது சிவில் நீதிமன்றம். ஆகவே குத்தகைச் சீட்டு, தீர்வை ரசீது, அடங்கல் நகல் ஆகியவற்றை முதல் விசாரணை நாளன்றே கொண்டு செல்க. பிணைமுறி கேட்டு இறுதி உத்தரவு பிறந்தால் அதன் நகலை உடனே பெறுக. அதன்மீது செஷன்ஸ் நீதிமன்றத்தில் அப்பீல் செய்துகொள்ளலாம்.