பாட்டு தேடுறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்துங்க

ஷார்ட் ஃபிலிம் எடுக்கலாம்னு முடிவானதும் நம்ம ஆளுங்க முதல்ல செய்யற வேலை எது தெரியுமா? கதை எழுதறது இல்லை. பிஜிஎம் தேடறது. வாட்ஸப் க்ரூப்ல ஒருத்தர் லிங்க்கைப் போட்டு "மச்சி, க்ளைமாக்ஸுக்கு இதுதான்"னு சொல்லிடுவாங்க. சீன் ஒண்ணுகூட ரெடி ஆகியிருக்காது, ஆனா அழ வைக்கிற வயலின் ரெடி.

அதனால முதல் கேள்வியையே கேட்டுடறேன். உங்க படத்துக்கு மியூசிக் வேணுமா?

2024ல வந்த 'கொட்டுக்காளி' பார்த்திருக்கீங்களா? பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய படம். பின்னணி இசையே கிடையாது. ஒரு குடும்பம் ஒரு பொண்ணை ஆட்டோவில் ஏத்திக்கிட்டு சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போகுது, அவ்வளவுதான் கதை. ஆட்டோ சத்தம், கூடவே வர்ற சேவல், காத்து, தொண்டை கட்டிப் போன சூரியோட கரகர குரல், கிட்டத்தட்ட வாயே திறக்காத அன்னா பென்னோட மௌனம். இதுல எங்கயாவது ஒரு சோக வயலினை வச்சிருந்தா, "இவளைப் பார்த்துப் பாவப்படுங்க"ன்னு டைரக்டர் நம்ம காதுல சொன்ன மாதிரி ஆகியிருக்கும். வைக்காததால அடுத்து என்ன நடக்குமோங்கற பயம் நமக்கே வருது.

இது புதுசும் இல்லை. எஸ்.பாலசந்தரோட 'அந்த நாள்' 1954லேயே பாட்டு இல்லாம வந்துடுச்சு. அதே வருஷம்தான் நம்ம கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவோட 'மலைக்கள்ளன்' பாட்டுகளோட வந்து சக்கைப்போடு போட்டது. (ஆமா, ஒரு காலத்துல இங்கேயே ஸ்டுடியோ இருந்தது.) ரெண்டு வழியும் சரிதான். உங்க கதைக்கு எதுன்னு கேட்டுக்கிட்டு எடுத்தாங்களா, பழக்கத்துல எடுத்தாங்களாங்கறதுதான் விஷயம்.

ஏற்கெனவே இருக்கற இசையை எடுத்து வைக்கறதும் தப்பில்லை. பாலு மகேந்திராவோட 'வீடு' 1988ல வந்தது. அதுல கேக்கற இசை 1986ல வந்த இளையராஜாவோட 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்துல இருந்து எடுத்தது. ஒரு மிடில் க்ளாஸ் பொண்ணு வீடு கட்டப் படற பாட்டுக்காகப் போட்ட இசையே இல்லை அது. ஆனா அந்தப் படத்தைப் பார்த்தா யாராலயும் அதை வேற ஒண்ணா நினைக்க முடியாது. ஒரு சின்ன டெஸ்ட் சொல்றேன். நீங்க தேர்ந்தெடுத்த ட்ராக்கை ம்யூட் பண்ணிட்டு சீனை ஓட்டுங்க. சீன் செத்துடுச்சுன்னா பிரச்சினை மியூசிக்ல இல்லை, எடிட்ல இருக்கு. சீன் நல்லாவே நிக்குதுன்னா, அந்த ட்ராக் தேவையான்னு மறுபடி யோசிங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கொங்குப் பக்கம் படம் எடுக்கறவங்களுக்குக் கிடைக்கற சத்தம் மாதிரி யாருக்குக் கிடைக்கும்? சோமனூர், பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறி வீட்டுக்குப் போங்க. தறி ஓடும்போது பக்கத்துல நிக்கறவங்ககிட்டகூடக் கத்தித்தான் பேசணும். கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் வந்தா அதே வீதி அப்படியே அடங்கிடும். வெளியூர்க்காரங்களுக்கு அது நிம்மதி. அந்த வீட்டு ஆளுங்களுக்கு அது இந்த வாரம் காசு இல்லைங்கறதுக்கான சத்தம். ரெண்டு நிமிஷம் தறிச் சத்தத்தைக் காதுல ஏத்திட்டு சட்டுனு நிறுத்திப் பாருங்க, எந்த வயலினும் அதைச் செய்யாது. அப்புறம் தோட்டத்து மோட்டார், கிரைண்டர், காலங்காத்தால மயில், போத்தனூர் பக்கம் ட்ரெயின். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக் காத்து மட்டும் கேக்க அழகு, மைக்குக்கு எமன். மைக் மேல ரோமம் வச்ச கவர் போடாம வெளியில ரெக்கார்ட் பண்ணாதீங்க. எடிட்ல எடுத்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ரெக்கார்டிங் பத்தி. நாமெல்லாம் எஞ்சினியரிங் படிக்கறோம்ல, ஃபிசிக்ஸ் கொஞ்சம் உதவட்டும். மைக்குக்கும் வாய்க்கும் இருக்கற தூரத்தைப் பாதியாக்கினா குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். ஆனா ஃபேன் சத்தம் ஏறாது. அதனால கேமரா மேல உக்காந்திருக்கற காஸ்ட்லி மைக்கைவிட, ஆக்டர் சட்டைக்குள்ள ஒட்டின சாதா காலர் மைக் ஜெயிக்கும். காலர் மைக்கும் இல்லையா? இன்னொரு போன்ல ரெக்கார்டரை ஓட விட்டு ஃப்ரேமுக்கு வெளியில வாய்க்குப் பக்கமா வைங்க. 48 கிலோஹெர்ட்ஸ், முடிஞ்சா 24 பிட் வேவ் ஃபைல். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல இருக்கட்டும், கத்தற சீன்ல மேல இடம் வேணும். டேக் ஆரம்பத்துல ஒரு கைத்தட்டு, எடிட்ல ரெண்டு ஃபைலையும் சேர்க்க.

சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 24 ஃப்ரேம் படத்துல 14 மீட்டருக்கு ஒரு ஃப்ரேம் லேட். தூரத்துல இருந்து எடுத்த ஷாட்ல உதடு ஒட்டலைன்னா காரணம் இதுவா இருக்கலாம். போன்ல எடுத்தவங்களுக்கு இன்னொரு வில்லன் இருக்கு. பல போன்கள் ஃப்ரேம் ரேட்டை மாத்திக்கிட்டே ரெக்கார்ட் பண்ணும். ஆரம்பத்துல சரியா இருக்கற சிங்க் போகப் போக நழுவும். எடிட் தொடங்கறதுக்கு முன்னாடியே ஹேண்ட்பிரேக்ல போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திடுங்க.

ஒவ்வொரு லொகேஷன்லயும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிட்டு ஒரு நிமிஷம் சும்மா ரெக்கார்ட் பண்ணுங்க. அதுக்குப் பேர் ரூம் டோன். டயலாக் வெட்டின இடத்துல ஓட்டை தெரியாம அடைக்கறது இதுதான். ஷூட்டிங்ல இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் எல்லாரும் சிரிப்பாங்க. பரவாயில்லை, கேளுங்க.

அடுத்தது காப்பிரைட். "30 செகண்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது", "க்ரெடிட் போட்டுட்டா போதும்", "நாங்க காசு சம்பாதிக்கலையே". மூணுமே நம்பிக்கை, சட்டம் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி இசைக்கு, வரிகளுக்கு, ஒலிப்பதிவுக்குன்னு தனித்தனி உரிமை இருக்கு. இசையும் வரியும் எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும், ஒலிப்பதிவு வெளியாகி 60 வருஷம் வரைக்கும். தியாகராஜர் கீர்த்தனை எல்லாருக்கும் பொது. ஆனா போன வருஷம் ஒருத்தர் பாடி வெளியிட்ட அதே கீர்த்தனையோட ஆடியோ பொது இல்லை. உங்க ஃப்ரெண்ட் பாடினா பிரச்சினையே இல்லை. யூட்யூப்ல ஏத்தினா கன்டென்ட் ஐடி கண்டுபிடிச்சு வீடியோவை முடக்கலாம், இல்லை விளம்பரக் காசை உரிமையாளருக்குத் திருப்பி விடலாம். அதையாவது தாங்கலாம். ஃபெஸ்டிவல்ல செலக்ட் ஆகி, இசை உரிமைக்கான பேப்பர் கேக்கும்போது கையில ஒண்ணும் இல்லாம நிக்கறதுதான் கொடுமை.

ஃப்ரீசவுண்ட், யூட்யூப் ஆடியோ லைப்ரரி எல்லாம் இருக்கு. ஆனா லைசென்ஸ் படிங்க. க்ரியேட்டிவ் காமன்ஸ்ல 'என்டி'ன்னு போட்ட ட்ராக்கைப் படத்துக்கு வைக்கவே முடியாது, ஏன்னா இசையை வீடியோவோட சேர்த்து ஓட்டறதே மாற்றம்தான்னு அவங்க கணக்கு. 'என்சி' இருந்தா வீடியோவுல காசு வர்ற மாதிரி போட முடியாது. 'பிஒய்' மட்டும் இருந்தா பேர், லைசென்ஸ், லிங்க் போட்டாப் போதும்.

திருவிழாவுல உருமி, பம்பை அடிக்கறதை போன்ல பிடிச்சு அப்படியே படத்துல வைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. வாசிக்கறவங்களுக்கும் அதே சட்டத்துல கலைஞர் உரிமை இருக்கு. நாட்டுப்புறம்னா இலவசம்னு அர்த்தம் இல்லை. உடுக்கை அடிச்சு அண்ணன்மார் கதை பாடறவரைத் தேடிப் போய், படம் எதுக்குன்னு சொல்லி, கேட்டு, காசு கொடுத்து, தனியா ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பாருங்க. கூட்டத்து இரைச்சல் இல்லாத சுத்தமான ஆடியோ உங்களுக்கே சொந்தமா கிடைக்கும். டைட்டில்ல "நாட்டுப்புறக் கலைஞர்கள்"னு மொத்தமா தள்ளாம பேரைப் போடுங்க. கேமராமேனுக்குப் போடறோம்ல?

கடைசியா மிக்ஸிங். பேச்சு தெளிவாப் புரியறது பெரும்பாலும் 1ல இருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கற பகுதியாலதான். நாதஸ்வரமும் அங்கதான் வந்து உக்காரும். அதனால டயலாக்குக்கு அடியில நாதஸ்வரம் வச்சா ரெண்டுல ஒண்ணுதான் கேக்கும். பேசி முடிச்சதும் நாதஸ்வரம் வரட்டும். ஹெட்போன்ல அதிர வைக்கற பேஸ் போன் ஸ்பீக்கர்ல காணாமப் போயிடும், உங்க படத்தைப் பாதிப் பேர் பாக்கப் போறது அதுலதான். அதனால ஃபைனல் எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி ஃபைலை போன்ல ஏத்திக்கிட்டு காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறுங்க. ஹெட்போன் இல்லாம காதுகிட்ட வச்சுக் கேளுங்க. டயலாக் புரியலைன்னா ரூமுக்கு வந்து மியூசிக்கை இன்னும் 3 டெசிபல் இறக்குங்க.