எண்ணெய் கொட்டிடுச்சா? பேஸ்ட்டை எடுக்காதீங்க!
வெந்த புண்ணை ஆற்ற ஒரு சவ்வு இருக்கு

முதலியார்பேட்டை:
சாயங்காலம் கடலூர் ரோட்டில் நடந்தால் பஜ்ஜி வாசனை மூக்கைத் துளைக்கும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் மாஸ்டர் கைக்கும் நடுவே ஒரு சாண்தான். எண்ணெய் கையில் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பேஸ்ட் தடவுப்பா!", "இங்க் ஊத்துப்பா!" என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

இரண்டும் கூடாது! மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, நேராக ஆஸ்பத்திரி!

கொப்புளம் கிளம்பிய மேலோட்டமான காயம் என்றால், டாக்டர்கள் மெல்லிய சவ்வு ஒன்றை ஒட்டுவதுண்டு. அதன் பெயர் கொலாஜன்.

அடையாறில் உருவானது

"கொலாஜனா? அது என்னங்க?" என்கிறீர்களா? தோலுக்கு உறுதி தரும் புரதம். நம் உடம்பிலும் உண்டு, மாட்டிலும் உண்டு. மூன்று இழைகளை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். இந்த அமைப்பை 1954-ல் உலகுக்குச் சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

சென்னை அடையாறில் 1948-ல் தோல் தொழிலுக்காகத் தொடங்கப்பட்டது மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மாட்டிலிருந்து கிடைக்கும் கொலாஜனைச் சுத்தப்படுத்தி, காயத்துக்குப் போடும் சவ்வாக்கியது இந்த நிலையம்தான்.

அமெரிக்காவிலும் இதே வழிதான். மாட்டுக் கொலாஜன், சுறாவின் குருத்தெலும்புப் பொருள், மேலே சிலிக்கோன் ஏடு. இப்படிச் செய்த செயற்கைத் தோலை, பெரிய தீக்காயம் பட்ட 10 பேருக்குப் பொருத்தியதாக 1981-ல் டாக்டர் ஜான் பர்க், விஞ்ஞானி யானஸ் குழுவினர் அறிவித்தார்கள்.

எரிச்சல் அடங்கும்

சவ்வு ஒட்டியதும் நரம்பு நுனிகள் மூடிக்கொள்ளும், எரிச்சல் குறையும். காயத்திலிருந்து நீர் கசிவதும் குறையும். தினமும் கட்டைப் பிரித்து அலற வேண்டியதில்லை. அடியில் புதுத்தோல் வந்ததும், சுமார் 2 வாரத்தில் சவ்வு காய்ந்து தானே உரியும்.

ஆனால் ஒன்று. சீழ் பிடித்த புண்ணுக்கு இது உதவாது. ஆழமாக வெந்திருந்தால் தொடைத் தோலை எடுத்து ஒட்டும் ஆபரேஷன்தான். காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். மேலே இங்கைப் பூசிக்கொண்டு போனால் என்ன தெரியும்? நாலு நாள் கழித்துப் போனால் சீழ்தான் தெரியும்!

கோரிமேடு ஜிப்மரோ, டவுனில் உள்ள அரசு ஆஸ்பத்திரியோ, அன்றைக்கே போங்கள். பேஸ்ட் பல்லுக்கு, புண்ணுக்குத் தண்ணீர்!