நர்ஸம்மாவிடம் நான் சொன்ன பொய்

சகோதரிகளே, நான் டாக்டர் அல்ல. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் குடும்பத் தலைவி. பத்தாவது வரைதான் படிப்பு. என் மகளின் பிரசவத்தில் நான் கற்றுக்கொண்ட பாடத்தை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் மனசு ஆறாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் போன வருஷம் முதன்முதலாக முழுகாமல் இருந்தாள். மார்கழியில், மூன்றாம் மாதம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் சம்பந்தியம்மாவும் அவளைக் கூட்டிப் போனோம். நர்ஸம்மா பேர் பதிந்துகொண்டே, “ஏம்மா, உங்க வீட்டிலே யாருக்காவது சர்க்கரை இருக்கா? உனக்கு இருக்கா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்கு 38 வயதிலிருந்து சர்க்கரை. தினமும் மாத்திரை போடுகிறேன். ஆனால் பக்கத்தில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கிறார். ‘சர்க்கரைக் குடும்பத்திலே பெண் எடுத்துட்டோமே’ என்று நினைத்துவிட்டால்? “இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு எடுத்த பரிசோதனையில் 118 வந்தது. பயமில்லை என்றார்கள். பொய் சொன்னது நல்லதாய்ப் போயிற்று என்று நானும் இருந்துவிட்டேன்.

<b>இரண்டாவது பரிசோதனை</b>

“ஒரு தரம் சரியா இருந்தாப் போதாதும்மா. ஆறாம் மாதம் முடியறப்போ இன்னொரு தரம் பார்க்கணும்” என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். சித்திரை பிறந்ததும் போனோம். அப்போது 26 வாரம்.

இந்தப் பரிசோதனை ரொம்பச் சுலபம். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் பவுடரை ஒன்றரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். சரியாக 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று அர்த்தம். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் மறுநாள் திரும்ப வர வேண்டும்.

என் மகளுக்கு 164.

“எங்க பரம்பரையிலே யாருக்குமே கிடையாதே!” என்று சம்பந்தியம்மா பதறினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு வாயைத் திறந்தேன். “எனக்கு இருக்குங்க சம்பந்தியம்மா. அன்னைக்கு மறைச்சுட்டேன்.”

நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. “நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாங்க பார்த்துத்தாம்மா இருப்போம். எல்லாருக்கும் பார்க்கச் சொல்லித்தான் உத்தரவு” என்றார்.

அந்த உத்தரவைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-லேயே நம் தமிழ்நாட்டில் அரசு ஆணை வந்துவிட்டது. அதற்காகப் பாடுபட்டவர் சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷய்யா. தூரத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு வா, மறுபடி வா என்று அலைய விட்டால் வரவே மாட்டாள் என்பதை உணர்ந்து, சாப்பிட்டிருந்தாலும் ஒரே தடவையில் பார்க்கக்கூடிய இந்த முறையைக் கொண்டுவந்தவர் அவர். அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைத்தான் நம் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். என்னைப் போல் பொய் சொல்லும் அம்மாக்களின் பிள்ளைகளையும் அந்த உத்தரவு காப்பாற்றுகிறது!

<b>ஏன் வருகிறது?</b>

டாக்டரம்மா விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். குழந்தைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடி சில சுரப்புகளை உண்டாக்குகிறது. அவை தாயின் உடம்பிலுள்ள இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடுவதில்லை. மாதம் ஏற ஏற இது கூடும். மூன்றாம் மாதம் நன்றாக இருந்தவளுக்கு ஏழாம் மாதம் சர்க்கரை வருவது இதனால்தான்.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வருகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தை தன் உடம்பிலேயே அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அதனால் கொழுத்து வளர்கிறது. பிறந்து கொடியை அறுத்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது, ஆனால் குழந்தையின் இன்சுலின் நிற்பதில்லை. உடனே குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2002-ல் இதே மகளை நான் பெற்றபோது அவள் எடை 4 கிலோ 200 கிராம். தோள் மாட்டிக்கொண்டு பெரும் பாடுபட்டேன். ‘தங்க விக்கிரகம் மாதிரி பிள்ளை’ என்று ஊரே கொண்டாடியது. ஆனால் பிறந்த சிறிது நேரத்தில் உடம்பு சில்லிட்டு, கை கால் நடுங்கி, ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அப்போது எனக்குச் சர்க்கரை பார்த்ததுமில்லை.

“அப்பவே உன் உடம்பு எச்சரிக்கை கொடுத்திருக்கும்மா” என்றார் டாக்டரம்மா.

<b>களியும் கணக்கும்</b>

முதல் இரண்டு வாரம் மருந்தில்லை, சாப்பாட்டு முறை மட்டும்தான். எங்கள் பக்கம் கேழ்வரகுக் களிதான் சர்க்கரைக்கு நல்லது என்று பெயர். நானும் மகளுக்கு இரண்டு பெரிய உருண்டை போட்டேன். 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 152! சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் அதுவும் மாவுப் பண்டம்தானே! மறுநாள் சாத்துக்குடி அளவில் ஒரே உருண்டை, கீரைக் கடைசல் ஒரு கிண்ணம், அவித்த முட்டை ஒன்று கொடுத்தேன். 116. சோற்றுக்கும் சாமைக்கும் இதே கணக்குத்தான். மாவுப் பண்டம் குறைவு. காய், கீரை, பயறு அதிகம்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று பெயர் மாற்றி ஏமாற வேண்டாம், எல்லாமே சர்க்கரைதான். பழச்சாறு கூடாது. சின்னக் கொய்யா ஒன்று சாப்பிடலாம். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலுள்ள பேரீச்சம்பழத்தையும் நர்ஸம்மாவைக் கேட்டுத்தான் கொடுத்தேன். அதற்காகப் பட்டினி போடவே கூடாது. மூன்று வேளைச் சாப்பாட்டைக் குறைத்து, நடுவில் சுண்டல், மோர் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். டாக்டர் தடுக்காவிட்டால் தினமும் அரை மணி நடக்கலாம்.

<b>ஊசிக்குப் பயந்தோம்</b>

இவ்வளவு செய்தும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு மட்டும் 138-க்குக் கீழே இறங்கவில்லை. இன்சுலின் போட வேண்டும் என்றார்கள். “வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா அத்தை?” என்று மகள் அழுதாள். எனக்கும் பயம். ஆச்சரியம் என்னவென்றால், சம்பந்தியம்மாதான் தேற்றினார். “இன்சுலின் பிள்ளைக்குப் போகாதுன்னு டாக்டர் சொன்னாங்களே கண்ணு. சர்க்கரைதானே போகும்? எது தேவலை?” அவர் சொன்னபின் எனக்குப் பேச்சே எழவில்லை.

சம்பந்தி வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பெரிய பானையில் ஈர மணல் பரப்பி, நடுவில் சின்னப் பானை வைத்து, அதற்குள் மருந்துப் புட்டியை வைத்தோம். ஊசி போடுபவர்களுக்குச் சில சமயம் சர்க்கரை தாழ்ந்து வேர்வை, படபடப்பு, நடுக்கம் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து கொடுத்துப் படுக்க வைத்து, பிறகு சாப்பிட வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

வைகாசிக் கடைசியில், ஒன்பதாம் மாதம், வளைகாப்பு. மாம்பழக் காலம் வேறு! வந்தவர்கள் எல்லாம் வாயில் இனிப்பு ஊட்ட வர, சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, “ஒரு துளி நாக்கிலே வையுங்க, போதும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கலந்த சாதத்தோடு சுண்டலும் பொரியலும் நிறைய வைத்தோம். சடங்கில் ஒரு குறையும் இல்லை.

ஆனி மாதம் 39-ஆம் வாரத்தில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. 3 கிலோ 100 கிராம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வைத்தார்கள். குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குப் போகாமல் அம்மாவின் பக்கத்திலேயே தூங்கினாள்.

<b>பிரசவத்தோடு முடியவில்லை</b>

பெரும்பாலோருக்குப் பிரசவமானதும் சர்க்கரை இறங்கிவிடும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஆறு வாரம் கழித்து மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். சரியாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் முதல் மாதங்களிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். என் கதையே சாட்சி. மகளுக்கு ஆறாம் வாரம் பார்த்தோம், சரியாக இருந்தது. இனி ஆண்டுதோறும் பேத்தியின் பிறந்த நாள் வந்தால் அவளுக்குப் பரிசோதனை என்று வைத்திருக்கிறோம்.

சகோதரிகளே, உங்கள் மகளையோ மருமகளையோ அழைத்துப் போகும்போது நர்ஸம்மா கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இரண்டாவது பரிசோதனைக்கும் தவறாமல் கூட்டிப் போங்கள். சம்பந்தியம்மா என்ன நினைப்பாரோ என்று நான் பயந்தேன். கடைசியில் என் மகளுக்கு வேளை தவறாமல் ஊசி போட்டவர் அவர்தான்.