சோறு மட்டும் போதுமா?

வயிறு நிறைஞ்சா சத்து கிடைச்சாச்சுன்னு நாம நினைக்கிறோம். அது சரியா?

நம் தசை, தோல், முடி, ரத்தம் எல்லாவற்றுக்கும் புரதம் தேவை. புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. இவற்றில் 9 வகையை உடம்பால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்கணும். இவையே 'அத்தியாவசிய அமினோ அமிலங்கள்'. அதில் ஒன்றுதான் லைசின். 1889-ல் டிரெக்செல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைப் பால் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார்.

புரதம் உருவாவது மாலை கட்டுவது மாதிரி. வரிசையில் சிவப்புப் பூ வர வேண்டிய இடத்தில் சிவப்புப் பூ தீர்ந்துபோனா? கூடை நிறைய வெள்ளைப் பூ இருந்தாலும் மாலை அங்கேயே நின்னுடும். லைசின் குறைந்தாலும் இதே கதைதான்!

அமெரிக்காவில் ஆஸ்போர்ன், மெண்டல் என்ற இருவர் 1914-ல் இதை நிரூபித்தார்கள். கோதுமையிலுள்ள கிளையாடின் என்ற புரதத்தை மட்டும் கொடுத்து எலிக்குட்டிகளை வளர்த்தார்கள். அவை சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. லைசினைச் சேர்த்ததும் மறுபடி வளர ஆரம்பித்தன!

இப்போ நம்ம தட்டுக்கு வருவோம். 100 கிராம் சோற்றில் லைசின் சுமார் 100 மில்லிகிராம்தான். அதே அளவு வெந்த பருப்பில் சுமார் 500! 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்கு 1800 மில்லிகிராம் தேவை. வளரும் பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ற தேவை இன்னும் கொஞ்சம் அதிகம். சோற்றுக்குப் பதிலா சப்பாத்தி, பிரெட் சாப்பிட்டா சரியாயிடுமா? ஆகாது. கோதுமையிலும் லைசின் குறைவுதான்.

பருப்புக்கும் ஒரு குறை உண்டு. அதில் மெத்தியோனின் என்ற அமிலம் குறைவு. அரிசி அதை ஈடுகட்டும். அரிசியின் குறையைப் பருப்பு தீர்க்கும். இட்லியில் உளுந்தும் பொங்கலில் பாசிப்பருப்பும் செய்யும் வேலை இதுதான். இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிடணும்னு கட்டாயமில்லை. ஒரே நாளில் சாப்பிட்டாலே போதும்.

மாசக் கடைசியில் பல வீடுகளில் முதலில் குறைவது பருப்புதான். அப்போ கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, நெத்திலி, முட்டை இதில் எது கைக்கு எட்டுதோ அதைச் சேர்த்துக்கலாம். ஒரு முட்டையிலேயே சுமார் 450 மில்லிகிராம் லைசின் இருக்கு.

சாம்பாரைத் தெளிவா ஊத்திக்கிட்டு அடியில் இருக்கும் பருப்பை விட்டுடுறவங்களே, இனி கரண்டியை அடிவரைக்கும் விடுங்க!