நுண்போக்குகள்

நுண்போக்கு என்பது மக்கள்தொகையின் ஒரு சிறு பிரிவினரிடம் தோன்றி, சீராக வளர்ந்து, காலப்போக்கில் வணிகத்தையும் அரசின் கொள்கைகளையும் மாற்றும் போக்கு ஆகும். தனியாக வசிப்பது, திருமணத்தைத் தள்ளிப்போடுவது, வீட்டிலிருந்தே வேலை செய்வது ஆகியவை ஒவ்வொருவரின் சொந்த முடிவுகள். அதே முடிவைப் பல இலட்சம் பேர் எடுக்கும்போது அது சமூக மாற்றமாகிறது.

கருத்தின் தோற்றம்

இக்கருத்தைப் பரவலாக அறியச் செய்தவர் அமெரிக்கக் கருத்துக்கணிப்பாளர் மார்க் பென். 1996 இல் பில் கிளிண்டனின் மறுதேர்தல் பரப்புரையில் ஆலோசகராக இருந்த இவர், கின்னி சலெஸ்னியுடன் இணைந்து எழுதிய 'மைக்ரோட்ரென்ட்ஸ்' என்ற நூல் 2007 இல் வெளியானது. மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டினர் ஒரே திசையில் நகர்ந்தாலே பெரிய மாற்றம் நிகழலாம் என்பது அதன் மையக் கருத்து. 30 கோடி மக்கள் கொண்ட அமெரிக்காவில் ஒரு விழுக்காடு என்பது 30 இலட்சம் பேர். ஒரு புதிய சந்தை உருவாகவோ, நெருக்கமான தேர்தலின் முடிவு மாறவோ இந்த எண்ணிக்கை போதும்.

சராசரி மறைப்பது

நுண்போக்குகள் பெரும்பாலும் சராசரிக் கணக்கில் தெரிவதில்லை. ஜப்பானின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் சராசரி அளவு ஏறத்தாழ 2.2 பேர். இதை மட்டும் பார்ப்பவர், இருவர் வாழும் குடும்பமே அங்கு வழக்கமானது என்று எண்ணக்கூடும். உண்மையில் அங்கு மிகுதியாக உள்ளவை ஒருநபர் குடும்பங்களே. 1980 இல் மொத்தக் குடும்பங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த இவை, 2020 இல் 38 விழுக்காடாக உயர்ந்தன.

இந்த உயர்வுக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பிரிவினர் உள்ளனர். படிப்புக்கும் வேலைக்கும் நகரங்களுக்கு வந்த இளைஞர்கள் ஒரு பிரிவினர். மணம் செய்யாமலே நடுவயதை அடைந்தவர்கள் மற்றொரு பிரிவினர். 1980 இல் 50 வயதுவரை மணமாகாத ஆண்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 2020 இல் ஏறத்தாழ 28 விழுக்காடு. துணையை இழந்த முதியோர் மூன்றாவது பிரிவினர். வயதும் தேவையும் வேறுபட்டாலும், மூன்று பிரிவினரும் தனியாகச் சமைக்கிறார்கள், தனியாக உண்கிறார்கள்.

வணிகத்தில் தாக்கம்

கடைக்காரர்கள் இம்மாற்றத்துக்கு ஏற்ப விற்பனையை அமைத்துக்கொண்டனர். ஜப்பானியக் கடைகளில் பாதியாக நறுக்கிய முட்டைக்கோசும், ஒருவருக்கு அளவான உணவுப் பொதிகளும் கிடைக்கின்றன. இச்சிரான் என்னும் ராமென் உணவகத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் இடையே தடுப்பு உண்டு. தனியாக வருபவர் கூச்சமின்றி உண்ணலாம். தனியே வரும் வாடிக்கையாளரைக் குறிக்கும் 'ஒஹித்தோரிசாமா' என்ற மரியாதைச் சொல், தனித்து வாழ்வோரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் ஆயிற்று.

பிறப்பு குறைவதும் முதுமை கூடுவதும் தொழிற்சாலைகளையே மாற்றுகின்றன. ஓஜி ஹோல்டிங்ஸ் நிறுவனம் ஜப்பானில் குழந்தைகளுக்கான டயப்பர் தயாரிப்பை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கான டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக 2024 இல் அறிவித்தது. 2001 இல் ஆண்டுக்கு 70 கோடியாக இருந்த அதன் குழந்தை டயப்பர் உற்பத்தி அதற்குள் 40 கோடியாகக் குறைந்திருந்தது.

சந்தை காணாதது

வாங்கும் திறன் உள்ளவரைச் சந்தை விரைவில் கண்டுகொள்கிறது. இழப்பு வரும் என்று அஞ்சினால் விலகி நிற்கிறது. தனித்து வாழும் முதியவர் வீட்டிலேயே இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில் ஜப்பானிய வீட்டு உரிமையாளர்கள் பலர் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரத் தயங்குகின்றனர். இந்த அச்சம் அடிப்படையற்றதன்று. ஜப்பானியக் காவல்துறையின் கணக்குப்படி, 2024 இல் தனியே வசித்து வீட்டில் இறந்தவர்கள் 76,000 பேருக்கும் மேல். அவர்களில் நான்கில் மூவர் 65 வயதைக் கடந்தவர்கள்.

சில நிறுவனங்கள் இதற்கும் வழி தேடின. சொஜிருஷி நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய மின்கெண்டி, முதியவர் அதைப் பயன்படுத்தும் செய்தியைத் தொலைவில் உள்ள உறவினருக்கு அனுப்பியது. வழக்கமாகத் தேநீர் போடும் நேரம் கடந்தும் கெண்டி இயங்காவிட்டால் உறவினர் விசாரிக்கலாம். ஆனால் விசாரிக்க உறவினரே இல்லாதவருக்கு அக்கெண்டியால் பயனில்லை. அந்த இடத்தில் அரசின் பங்கு தேவைப்பட்டது. ஜப்பான் அரசு 2021 இல் தனிமைக்கெனப் பொறுப்பு அமைச்சரை நியமித்தது. தனிமையையும் ஒதுக்கப்படுதலையும் எதிர்கொள்வதற்கான சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

வரம்புகள்

எல்லாச் சிறு போக்குகளும் வளர்வதில்லை. சில ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடும். ஒரு விழுக்காடு என்பது அறிவியல் விதியன்று, கவனிக்கத் தொடங்குவதற்கான அளவுகோல் மட்டுமே. பிறப்பு, திருமணம், முதுமை சார்ந்த போக்குகள் மெதுவாகவே மாறுவதால் அவற்றை முன்கூட்டியே கணிக்க முடியும். 1980 இல் 30 வயதாக இருந்தவருக்கு 2020 இல் 70 வயதாகும் என்பதில் ஐயமில்லை. அவர் யாருடன் வாழ்வார் என்பதைத்தான் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது.