அறுநூறு கிராம் பெட்டிக்கு ஐந்து கிலோக் கட்டணம்

ரொறன்ரோவில் வாழும் எமது உறவினரான தாயொருவர், தமது மகளின் திருமணத்துக்கெனப் பனையோலைப் பெட்டிகள் சிலவற்றை வடமராட்சியிலிருந்து தருவிக்க விரும்பினார். பலகாரம் வைத்துக் கொடுப்பதற்கு, ஊரிற் போலவே, சாயம் போட்ட ஓலைப் பெட்டிகள்தாம் வேண்டும் என்பது அவரது பிடிவாதம். இணையத்திற் படம் போட்டுப் பெட்டி விற்கும் இளம் பெண்ணொருவரைக் கண்டுபிடித்தார். பேசித் தீர்த்த விலை 5,400 ரூபா. அனுப்புவதற்குக் கூரியர் நிறுவனம் கேட்ட தொகையோ 27,000 ரூபாவைத் தாண்டியது.

பெட்டிகளைக் கட்டி நிறுத்தால் அறுநூறு கிராம்கூடத் தேறாது. பிழை எங்கோ நிகழ்ந்திருக்கின்றது என்று எண்ணித் தாயார் மீண்டும் தொலைபேசியில் விசாரித்தார். மறுமுனையிலிருந்த பெண்ணின் குரலிற் சலிப்பு மட்டுமே இருந்தது. “அன்ரி, பெட்டிக்குச் சொன்ன காசை நான் குறைக்கலாம், உவங்கள் கேக்கிறதை நான் என்னெண்டு குறைக்கிறது?”

பிழை எதுவும் நிகழவில்லை. கூரியர் நிறுவனங்கள் பொதியின் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. அது விமானத்தில் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் நிறையாக மாற்றிக் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் சென்ரி மீற்றரில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 5,000 ஆற் பிரிப்பது பெரிய நிறுவனங்களின் பொது வழக்கம். நாம் கூறும் பொதி 40, 30, 20 சென்ரி மீற்றர் அளவினது. பெருக்கினால் 24,000, பிரித்தால் 4.8 கிலோ. அதனை அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தி 5 கிலோ என்று எழுதிவிட்டார்கள். ஓலைப் பெட்டிக்குள் இருந்த காற்றுக்கும் சேர்த்தே கட்டணம் கேட்கப்பட்டது.

அதே வாரத்தில் அதே வீட்டின் மகன் சீனாவிலிருந்து தருவித்த கைத்தொலைபேசி உறையொன்று வாசலில் வந்து கிடந்தது. விலை மூன்று டொலர். அனுப்பும் செலவு இலவசம். “எங்கடை சனத்திட்டை வாங்கினால் மட்டும் இந்தக் கொள்ளையோ?” என்று தாயார் எம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் சற்று நீளமானது.

உலகத் தபால் ஒன்றியம் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் 1874 ஒக்ரோபர் 9 இல் 22 நாடுகளால் உருவாக்கப்பட்டது. அக்காலத்தில் அதன் ஏற்பாடு மிக எளிமையானது. கடிதத்தை அனுப்பும் நாடு முத்திரைப் பணத்தை முழுவதுமாக வைத்துக்கொள்ளும். பெறும் நாடு அதனை இலவசமாக விநியோகிக்கும். ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், ஆகவே கணக்குச் சரியாகிவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. கடிதங்களைப் பொறுத்தவரை அந்நம்பிக்கையில் தவறில்லை. ஆனால் சில நாடுகள் பெறுவதிலும் மிக அதிகமாக அனுப்பத் தொடங்கியதும் ஏற்பாடு ஆட்டங் கண்டது. 1969 இல் ரோக்கியோவில் நடைபெற்ற மாநாட்டில், அனுப்பும் நாடு விநியோகச் செலவுக்காகப் பெறும் நாட்டுக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பின்னாளில் வளர்முக நாடுகளுக்கு அத்தொகை குறைவாக வைக்கப்பட்டது.

சீனமும் அச்சலுகையின் நிழலிலேயே நின்றது. இணையவழி வணிகம் பெருகியபோது, சீனத்திலிருந்து வந்த சிறு பொதி ஒன்றை அமெரிக்காவில் வீட்டு வாசல்வரை கொண்டுசெல்லப் பெறப்பட்ட தொகை, அமெரிக்கர் ஒருவர் தமது அயல் நகருக்குப் பொதி அனுப்பச் செலுத்தியதிலும் குறைவாய் இருந்தது. 2018 ஒக்ரோபரில், ஒன்றியத்தைவிட்டு விலகப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. 2019 செப்ரெம்பரில் ஜெனீவாவிற் கூடிய சிறப்பு மாநாட்டில் இணக்கம் காணப்பட்டது. அதன்படி, விநியோகக் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் உரிமையை 2020 யூலை முதல் அமெரிக்கா பெற்றது. ஏனைய நாடுகளுக்கும் அதற்குப் பின்னர் படிப்படியாக அவ்வழி திறந்தது.

அப்படியாயின் சீனப் பொருள் இன்றும் எவ்வாறு மலிவாக வருகின்றது? மொத்தமாக வருவதனால் வருகின்றது. ஆயிரக்கணக்கான சிறு பொதிகளை ஒன்றாகக் கட்டி, விமானத்தின் இடத்தை மொத்தமாக வாங்கி, சேரும் நாட்டில் உள்ளூர் விநியோகத்தாரிடம் ஒப்படைக்கின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2024 ஆம் ஆண்டில் வந்திறங்கிய குறைந்த பெறுமதிப் பொதிகள் ஏறத்தாழ 460 கோடி. அவற்றுள் 91 வீதம் சீனத்திலிருந்து வந்தவை என்கின்றது ஐரோப்பிய ஆணையம். வடமராட்சிப் பெண்ணிடம் இருப்பதோ ஒரு பொதி. அதைப் பொறுப்பேற்க ஓர் ஆள், பதிய ஒரு படிவம், கொழும்புக்கு ஒரு பயணம், சுங்கத்தில் ஒரு சோதனை, ரொறன்ரோவிற் கதவைத் தட்ட ஓர் ஆள். உள்ளே இருப்பது தங்கமாயினும் ஓலையாயினும் இச்செலவுகள் குறைவதில்லை. தூரத்துக்காக நாம் கொடுக்கும் பணம் நாம் நினைப்பதிலும் குறைவு. தனி ஒரு பொதியாக அனுப்புவதற்காகக் கொடுப்பதே அதிகம்.

இனி, வந்து சேர்ந்த பின்னர் கேட்கப்படும் பணத்தைப் பற்றி.

சிறு பொதிகளுக்கு முன்னர் இருந்த வரிவிலக்குகள் சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. நோர்வே தனது 350 குரோணர் விலக்கை 2020 இல் நீக்கியது. பிரித்தானியா 15 பவுண் விலக்கை 2021 சனவரி 1 இலும், ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ விலக்கை அதே ஆண்டு யூலை 1 இலும் நீக்கின. 150 யூரோவுக்குக் குறைந்த பொதிகளிலுள்ள ஒவ்வொரு பொருள் வகைக்கும் 2026 யூலை 1 முதல் 3 யூரோ தீர்வை அறவிடுவதென 2025 டிசம்பரில் ஒன்றிய அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். அமெரிக்கா தனது 800 டொலர் விலக்கை எல்லா நாடுகளுக்கும் 2025 ஓகஸ்ட் 29 இல் முடித்துக்கொண்டது. அக்குழப்பத்தில் இந்தியத் தபால் திணைக்களம் அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொதிகளை ஓகஸ்ட் 25 இல் நிறுத்தி, ஒக்ரோபர் 15 இலேயே மீண்டும் ஏற்றது. சீனத்துப் பெருவணிகத்தைக் குறிவைத்து எறிந்த கல், சென்னையில் அட்டைப்பெட்டி கட்டும் சிறு புத்தகக் கடைக்காரரின் தலையிலும் விழுந்தது.

வரியிலும் எரிச்சலூட்டுவது வரியை வாங்கித் தருவதற்கான கூலி. கனடாவில் தபால்வழி வரும் பொருளுக்கு 20 டொலர் வரை வரி இல்லை. 60 டொலர் பெறுமதியான தமிழ் நூல்கள் வந்தால் மத்திய வரி 5 வீதம், அதாவது 3 டொலர். அதனை அறவிட்டுக் கொடுப்பதற்குத் தபால் நிறுவனம் எடுக்கும் கூலி 9.95 டொலர். பிரித்தானியாவில் அச்சிட்ட நூல்களுக்குப் பெறுமதி சேர் வரி கிடையாது. இது எம்மவர் பலருக்குத் தெரியாது. சுவிசில் வரித்தொகை 5 பிராங்குக்குக் குறைவாயின் அதனை அறவிடுவதில்லை. அங்கு 2024 இலிருந்து நூல்களுக்கான வரி 2.6 வீதம் ஆதலால், ஏறத்தாழ 190 பிராங் வரையான நூற்பொதிக்கு வரி வராது. ஏனைய பொருட்களுக்கு அவ்வெல்லை 62 பிராங் அளவிலேயே முடிந்துவிடுகின்றது. அஞ்சற் செலவும் அக்கணக்கிற் சேரும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வட இங்கிலாந்தில் அகதி விண்ணப்பம் முடிவாகாத நிலையில் வாழும் இளைஞர் ஒருவரின் அனுபவத்தையும் இங்கு கூறவேண்டும். அவருக்கு அரசு வழங்கும் உதவிப்பணம், 2024 சனவரியில் நிர்ணயிக்கப்பட்டபடி, வாரத்துக்கு 49.18 பவுண், நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 பவுண். குளிர்காலம் தொடங்கியபோது சென்னையிலுள்ள அவரது தங்கை, கம்பளிச் சட்டையும் சில தின்பண்டங்களும் வாங்கிப் பொதி செய்து அனுப்பினார். உண்மையில் அவற்றின் விலை 3,900 ரூபா. பொதி தொலைந்தால் நட்டஈடு கூடுதலாகக் கிடைக்கும் என்று யாரோ கூறியதைக் கேட்டுப் படிவத்தில் 6,500 ரூபா என்று எழுதிவிட்டார்.

தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்குப் பிரித்தானியாவில் 39 பவுண் வரை வரி இல்லை. உண்மை விலையை எழுதியிருந்தால் பொதி அவ்வெல்லைக்குள் நின்றிருக்கும். எழுதிய விலையோ 55 பவுணைத் தாண்டியது. 20 வீத வரியும் 8 பவுண் கூலியும் சேர்த்து, 20 பவுணுக்குச் சற்றுக் குறைந்த தொகையைச் செலுத்தும்படி அட்டை வந்தது. அவர் அதனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். தவணை முடிந்ததும் பொதி திரும்பிப் போயிற்று. விலையைக் குறைத்துப் பொய் எழுதும்படி நாம் எவருக்கும் கூறமாட்டோம். கூட்டி எழுதிய பொய்யும் இவ்வளவு பாரமாகலாம் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகின்றோம். கனடாவில் அன்பளிப்புக்கான எல்லை 60 டொலர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 45 யூரோ.

இதனோடு இன்னொன்று. பிறப்புச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, வைத்தியசாலைத் துண்டு போன்ற வழக்குக்குரிய ஆவணங்களை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லும்போது, அதே உறைக்குள் விபூதிப் பொட்டலமோ சங்கிலியோ வைக்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆவணம் மட்டும் உள்ள உறை சுங்கத்தில் அதிகம் தங்குவதில்லை. பொருள் ஒன்று சேர்ந்துவிட்டால் அது பொருட்பொதி ஆகிவிடும். 2021 சனவரி முதல், பொருட்பொதிகளின் விபரம் முன்கூட்டியே மின்வழியாகச் சேரும் நாட்டுக்கு அனுப்பப்படல் வேண்டும் என்பது தபால் ஒன்றியத்தின் விதி. ‘அன்பளிப்பு’ என்று கையால் எழுதி அனுப்பிய காலம் போய்விட்டது. வழக்குத் தவணைக்கு இரண்டு நாள் இருக்கையில், ஒரு பொட்டலம் விபூதிக்காக ஆவணம் சுங்கத்திற் கிடப்பதை எண்ணிப் பாருங்கள்.

பெட்டிக் கதைக்குத் திரும்புவோம். கூரியரைத் தவிர வேறு வழி இல்லை என்று தாயார் நினைத்திருந்தார். விற்ற பெண்ணும் அவ்வாறே நினைத்திருந்தார். ஆனால் தபாலகத்திற் ‘சிறு பொதி’ என்றொரு வகை உண்டு. அதற்குரிய சர்வதேச எல்லை 2 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 90 சென்ரி மீற்றரை மீறக்கூடாது, எந்தப் பக்கமும் 60 ஐத் தாண்டக்கூடாது. நாற்பதும் முப்பதும் இருபதும் கூட்டினால் சரியாகத் தொண்ணூறு. அங்கே பெருக்கிப் பிரிக்கும் கணக்கு இல்லை. தராசு காட்டும் நிறைக்கே கட்டணம். வாரக்கணக்கிற் தாமதமாகலாம், இன்ன நாளில் வருமென்று எவரும் உறுதி கூறமாட்டார்கள். திருமணத்துக்கு இருந்ததோ மூன்று வாரம்.

ஆகவே எம்மவர் வழமையாகச் செய்வதையே அவரும் செய்தார். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்குத் திரும்பும் ஒருவரைத் தேடிப் பிடித்தார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர். அவரது 23 கிலோப் பயணப்பெட்டிக்குள் ஓலைப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டன. வெறுமையாய் இருந்த கடைசிப் பெட்டிக்குள் அவர் தமது மிளகாய்த்தூளை வைத்துக்கொண்டார். காய்ந்த ஓலையாயினும் விமான நிலையத்தில் அதனைத் தெரிவிக்கவே வேண்டும் என்று நாம் சொல்லியனுப்பியிருந்தோம். அவர் தெரிவித்தார், பிரித்துப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

விற்ற பெண்ணுக்கு அடுத்த கட்டளையும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கின்றது. தாயாரின் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் பதினொரு பேர் தைப்பொங்கலுக்குப் பெட்டி கேட்டிருக்கின்றார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குமாறு அளவு மாற்றிப் பின்னும்படியும், பொதியின் மூன்று பக்கமும் தொண்ணூறுக்குள் நிற்கும்படியும், ஒக்ரோபர் முடிவதற்குள் தபாலிற் சேர்க்கும்படியும் தாயார் கூறியிருக்கின்றார். முதல் முறை வந்த பெட்டிகளுள் இரண்டில் மிளகாய் மணம் இன்னும் போகவில்லையாம்.